பழைய உலோகம் திரட்டுவதா, உள்ளதைப் பங்கிடுவதா?

இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று தெருவில் நடந்தது. மற்றொன்று கோப்புகளுக்குள் நடந்தது.

1940 ஜூலையில் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக், வீட்டிலுள்ள அலுமினியப் பாத்திரங்களைத் தரும்படி பெண்களிடம் வேண்டினார். பாத்திரங்கள் வந்து குவிந்தன. ஆனால் ஒரு பழைய பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மரப்பிடி, இரும்பு ஆணி, அடியில் ஏறிய கரி. எல்லாவற்றையும் கழற்றி உருக்கினாலும், விமானத் தகட்டுக்கு வேண்டிய தரம் எளிதில் வராது. இரும்பின் கதை வேறு. அன்றைய திறந்த உலைகளில் எஃகு காய்ச்சப் பழைய இரும்பு பெரும்பங்கு தேவைப்பட்டது; அது வராவிட்டால் உற்பத்தியே தடுமாறும். ஆகவே திரட்டல் வெறும் விளம்பரம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை.

இருந்தும் என் தேர்வு பங்கீடுதான். அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் முதலில், யாருக்கு உலோகம் முந்திக் கிடைக்க வேண்டும் எனக் காட்டும் முன்னுரிமைச் சீட்டுகளை வழங்கியது. கையிருப்பைவிடச் சீட்டுகள் பெருகியதால் அவை மதிப்பிழந்தன. 1943-இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் எஃகு, செம்பு, அலுமினியம் ஆகிய மூன்றை மட்டும் இறுகப் பிடித்தது. கிடைக்கும் அளவை முதலில் கணக்கிட்டார்கள்; பிறகு ராணுவம், கடற்படை எனத் துறைவாரியாகப் பிரித்தார்கள். இந்த மூன்றும் இல்லாமல் எந்த இயந்திரமும் உருவாகாது என்பதால், மற்ற உற்பத்தியும் தானாகக் கட்டுக்குள் வந்தது. அதே ஆண்டு ஒரு சென்ட் நாணயம்கூடச் செம்பை விட்டு, துத்தநாகம் பூசிய எஃகில் அச்சானது.