டெல்லூரியம் கப்: வாங்கலாம், வயரையும் பாருங்கள்

உலையடியிலேயே உருகிய வார்ப்பு இரும்பின் கார்பன், சிலிக்கான் அளவு தெரிய டெல்லூரியம் கப் நல்ல தேர்வு. ரெசின் மணல் கிண்ணம், நடுவே வெப்பநிலை அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள், உள்ளே கொஞ்சம் டெல்லூரியம் என்ற தனிமம். அது கிராஃபைட்டைத் தடுத்து இரும்பை வெள்ளையாக உறைய வைப்பதால், குளிர்வு வரைபடத்தில் லிக்விடஸ் (உறையத் தொடங்கும் வெப்பநிலை), யூடெக்டிக் (மீதி திரவம் உறையும் வெப்பநிலை) இரண்டு படிகளும் தெளிவாக விழும். அவற்றிலிருந்தே மீட்டர் கணக்கிடும். சில நிமிடத்தில் முடிவு.

ஆனால் சூடு குறைந்துபோன உருகிய இரும்பை ஊற்றினால் முதல் படியே பதிவாகாது. மீட்டர் அப்போதும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டலாம். எண்ணை நம்பாமல் வரைபடத்தைப் பாருங்கள். கப்பை ஒரே வீச்சில் விளிம்புவரை நிரப்ப வேண்டும். கார்பன் சமானம் (கார்பனோடு சிலிக்கானின் பங்கையும் சேர்த்த அளவு) 4.3-ஐத் தாண்டினால் லிக்விடஸ் மங்கும். மெக்னீசியம் சேர்த்த இரும்புக்கு இது வேண்டாம், மெக்னீசியம் டெல்லூரியத்தைத் தின்றுவிடும். சேர்ப்பதற்கு முன்பே மாதிரி எடுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது கப்பைப் பொருத்தும் ஸ்டாண்டும் அதன் வயரும்தான். காண்டாக்ட் பின்னில் கரி படியும். தெர்மோகப்பிளை மீட்டரோடு இணைக்கும் சிறப்பு வயரான காம்பென்சேட்டிங் கேபிள் அறுந்து, அதைச் சாதாரணச் செம்பு வயரால் ஒட்டுப்போட்டால், உலைப்பக்கச் சூட்டுக்கேற்ப அளவு நகரும். கப்பைக் குறை சொல்வதற்குமுன் பின்னையும் வயரையும் சோதியுங்கள். ஈரமான கப் கொதித்துத் தெறிக்கும். புகையும் நல்லதல்ல, எக்ஸாஸ்ட் அவசியம்.