பேஸ்பால் சவான்ட்: எட்டு சீசன் பழகிய பிறகு

2025 அக்டோபர் 20, திங்கட்கிழமை சாயங்காலம். டொராண்டோவில் அமெரிக்கன் லீக் பேஸ்பால் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். சியாட்டில் மரைனர்ஸ் 3-1 என்று முன்னால் நிற்கிறது. இன்னும் எட்டு அவுட் எடுத்துவிட்டால் 1977-ல் தொடங்கிய இந்த அணி முதல்முறையாக பேஸ்பாலின் உச்ச இறுதிப்போட்டியான வேர்ல்டு சீரிஸுக்குப் போகும். ஒருமுறைகூட அங்கே போகாத ஒரே அணி எங்களுடையதுதான். ஏழாவது இன்னிங்ஸில் எதிரணியில் இரண்டு பேர் பேஸில், அதாவது ரன் எடுக்கும் பாதையில் பாதி வழியில். மேனேஜர் டான் வில்சன் வெளியே வந்து, வீசிக்கொண்டிருந்த பிட்ச்சர் பிரையன் வூவிடமிருந்து பந்தை வாங்கி எட்வர்ட் பஸார்டோவிடம் கொடுக்கிறார். எதிரே டொராண்டோவின் பேட்டர் ஜார்ஜ் ஸ்பிரிங்கர். நான் டிவியைப் பார்க்கவில்லை. கைபேசியில் பேஸ்பால் சவான்ட் தளத்தைத் திறந்து பஸார்டோவின் சிங்கர் (கடைசியில் கீழே இறங்கும் வேகப்பந்து) எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி "ஐயோ" என்றதும் நிமிர்ந்தேன். பந்து இடது பக்க வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் 4-3 என்று டொராண்டோ பக்கம் முடிந்தது.

அந்த ஹோம் ரன்னை நேரடியாகப் பார்க்காமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது. சவான்ட்டைப் பற்றி எட்டு சீசன் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

தெரியாதவர்களுக்கு: இது அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இலவசப் புள்ளிவிவரத் தளம். டேரன் வில்மன் என்பவர் தனி ஆளாகத் தொடங்கினார், பிற்பாடு லீக்கே எடுத்துக்கொண்டது. 2015 முதல் எல்லா மைதானத்திலும் ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு முறை இருக்கிறது. முதலில் ரேடார், 2020-லிருந்து ஹாக்-ஐ கேமராக்கள். நம்மூர் கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ அப்பீலுக்குப் பந்தின் பாதையை வரைந்து காட்டுகிறதே, அதே ஹாக்-ஐ. ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, எத்தனை அங்குலம் விழுந்தது, பிட்ச்சர் பந்தை எந்த உயரத்திலிருந்து விட்டார், அடிபட்ட பந்து என்ன வேகத்தில் கிளம்பியது என எல்லாம் சில நொடிகளில் வந்துவிடும்.

நான் 2018-ல் இதைப் பிடித்தேன். சியாட்டிலுக்குக் குடிவந்து இரண்டாவது வருடம். அது ஃபெலிக்ஸ் எர்னாண்டஸின் கடைசிக் காலம். 2012-ல் டாம்பா பே அணிக்கு எதிராக ஒரு பேட்டரைக்கூட பேஸில் ஏறவிடாமல் பெர்ஃபெக்ட் கேம் வீசியவர். ஊரே 'கிங்' என்று கொண்டாடியவர். நான் பார்த்த வருடத்தில் அவருடைய ஃபாஸ்ட்பால் 90 மைலைத் தொடவே திணறியது. ஆகஸ்டில் அவரை புல்பென்னுக்கு, அதாவது நடுவில் இறங்கும் மாற்றுப் பிட்ச்சர்களின் வரிசைக்கு அனுப்பினார்கள். ரேடியோவில் பேசியவர்களில் பாதிப் பேர் "மனசு இல்லை" என்றார்கள், மீதிப் பேர் "நிர்வாகம் அவமானப்படுத்துகிறது" என்றார்கள். சவான்ட்டில் பார்த்தால் வருடா வருடம் வேகம் படியிறங்கியது கோடாகவே தெரிந்தது. கையில் தேய்மானம், அவ்வளவுதான். மனசைப் பற்றிய பேச்சுக்கே அங்கே இடமில்லை. அன்றைக்கு இந்தத் தளத்தின்மேல் வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

ஃபெலிக்ஸைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2007-ல், இந்த வசதியெல்லாம் வருவதற்கு முன்னால், டேவ் கேமரன் என்ற ரசிகர் அணியின் பிட்ச்சிங் பயிற்சியாளர் ரஃபேல் சாவேஸுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஃபெலிக்ஸ் முதல் இன்னிங்ஸில் வரிசையாக ஃபாஸ்ட்பால்தான் போடுகிறார், பேட்டர்கள் அதை எதிர்பார்த்தே நிற்கிறார்கள் என்பது விஷயம். சாவேஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அதை எடுத்துப்போய் ஃபெலிக்ஸிடமே கொடுத்தார். வெளியே நிற்பவன் பந்து பந்தாக எண்ணிச் சொன்னதை உள்ளே இருப்பவர் காதில் வாங்கிய அபூர்வமான கதை. இன்றைக்கு நான் கைபேசியில் இரண்டு தட்டில் எடுக்கிற விவரத்தை அவர் எவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்திருப்பார்!

சரி, எட்டு வருடத்தில் எனக்கு இது என்ன கற்றுக்கொடுத்தது? முதலாவதாக, ஒரு பிட்ச்சர் எப்படி உருவாகிறார் என்பதை. மரைனர்ஸ் இந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். லோகன் கில்பர்ட் 2018 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) வந்தவர், ஜார்ஜ் கர்பி 2019-ல். பிரையன் வூ 2021-ல் ஆறாவது சுற்றில் வந்தார், அதுவும் முழங்கை அறுவை சிகிச்சையோடு. கில்பர்ட்டின் பக்கத்தைத் திறந்தால் 'எக்ஸ்டென்ஷன்' என்ற இடத்தில் கொழுந்துவிடும் சிவப்பு வட்டம். மற்ற வீரர்களைவிட மேலே இருந்தால் சிவப்பு, கீழே இருந்தால் நீலம். ஆறரை அடி ஆள் நீளக் கால் வைத்து முன்னால் வந்து பந்தை விடுவதால், மற்றவர்களைவிட பேட்டருக்குக் கிட்டே நின்று போடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. பந்து வந்துசேர ஆகும் நேரமும் குறைகிறது. வூ போடும் பத்துப் பந்தில் சுமார் ஏழு ஃபாஸ்ட்பால் வகைதான். கேட்டால் நம்பமாட்டீர்கள். ஆனால் கை தாழ்வாக இருக்கும் இடத்திலிருந்து கிளம்பி மேலே ஏறுவதுபோல வருவதால் பேட்டரின் மட்டை பந்துக்குக் கீழே போய்விடுகிறது. டிவியில் ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் எனக்கு இது புரிந்திருக்காது.

ஸ்ப்ளிட்டர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு விரலுக்கு நடுவே பந்தைச் செருகிப் போடுவது. ஃபாஸ்ட்பால் மாதிரியே வந்து கடைசியில் தரையைப் பார்த்து விழும். 2023-ல் கில்பர்ட் அதைச் சேர்த்துக்கொண்டார், அடுத்த வருடம் எங்கள் இன்னொரு பிட்ச்சர் பிரைஸ் மில்லரும் போட ஆரம்பித்தார். தளத்தில் ஒவ்வொரு பந்து வகைக்கும் ஒரு நிறம். ஏப்ரலில் மில்லரின் பக்கத்தில் புதிதாக ஒரு நிறம் முளைத்ததைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, வீட்டில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அதே நேரத்தில் குறைகளும் உண்டு. அந்தச் சிவப்பு, நீல வட்டங்கள் பார்க்க அழகு, மயக்குவதிலும் கில்லாடி. நூற்றுக்கு எத்தனையாவது இடம் என்று மட்டும்தான் அவை சொல்கின்றன. முதல் மூன்று வருடம் நான் வட்டத்தின் நிறத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டேன். அப்புறம்தான் மைதானத்துக்கு ஏற்ற கணக்கு இதே தளத்தில் இன்னொரு மூலையில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். சியாட்டிலின் டி-மொபைல் பார்க், லீக்கிலேயே ரன் எடுக்க மிகக் கடினமான மைதானங்களில் ஒன்று. கடற்கரைக் குளிர்காற்றில் பந்து போகவே போகாது. எங்கள் பிட்ச்சர்களை நாங்கள் தலையில் வைத்து ஆடுவதில் ஒரு பங்கு அந்தக் காற்றுக்குச் சேரவேண்டியது. இதைச் சொன்னால் சக ரசிகர்கள் அடிக்க வருவார்கள். சொன்னேன், வந்தார்கள்.

ஊடகங்களை நான் வாசிக்கிற விதமும் மாறிப்போனது. 2023 செப்டம்பரில் டாம்பா பேயில் ஒரு தோல்விக்குப் பிறகு கர்பி, தன்னை ஏழாவது இன்னிங்ஸுக்கு அனுப்பியிருக்க வேண்டாம் என்ற பொருளில் பேசிவிட்டார். தொண்ணூறு பந்து போட்டு முடித்தவர், அந்த இன்னிங்ஸில் ஹோம் ரன் வாங்கி முன்னிலை போனது. மறுநாள் முழுக்க இதே பேச்சு. முன்னாள் வீரர்கள் பலர் "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்தார்கள். கர்பி மறுநாளே மன்னிப்புக் கேட்டார். அவர் அதை மைக் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் ஒரே பேட்டர் ஒரு பிட்ச்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது நன்றாக அடிப்பார் என்பது எல்லா அணிகளும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிற கணக்கு. அனுப்பியது சரியா தவறா என்று பேசியவர்கள் குறைவு, இந்தத் தலைமுறைக்கு முதுகெலும்பு இல்லை என்றவர்கள்தான் அதிகம். அந்த வருடம் கர்பி 190 இன்னிங்ஸுக்கு மேல் வீசி மொத்தம் 19 பேரைத்தான் வாக்கில் (நான்கு தவறான பந்து போட்டால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்) விட்டார். அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒருவரும் அவ்வளவு நேரம் பேசவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் எங்கள் பேஸ்பால் பிரிவுத் தலைவர் ஜெரி டிபோட்டோ, நீண்டகாலத்துக்கு 54 சதவீத ஆட்டங்களை வெல்கிற அணியாக இருப்பதே இலக்கு என்ற மாதிரிப் பேசினார். பொறுமையாக இருக்கச் சொல்வதன் மூலம் ரசிகர்களுக்கு நல்லதுதான் செய்கிறோம் என்றும் சொன்னார். அலுவலகத்தில் சேலத்துக்கார நண்பர் ஒருவர் எனக்கு முன்பிருந்தே மரைனர்ஸ் பைத்தியம். கால்குலேட்டரோடு வந்தார். "ஏங்க, 162 ஆட்டத்துல 88 ஜெயிச்சா எவ்வளவு வருது பாருங்க." 54.3. அந்த வருடம் நாங்கள் ஜெயித்தது சரியாக 88, பிளேஆஃபுக்கு ஒரே ஒரு ஆட்டம் குறைந்து வெளியே நின்றோம். "இலக்கை அடைஞ்சிட்டோம்ங்க, வாழ்த்துகள்" என்று கை கொடுத்துவிட்டுப் போனார். டிபோட்டோ சொன்னது கணக்கில் தப்பில்லை, பல வருடம் அப்படி ஜெயித்தால் ஒருநாள் கதவு திறக்கும். ஆனால் பிட்ச்சரை வளர்ப்பதில் காட்டும் புத்தியை, நல்ல பேட்டருக்குக் காசு கொடுப்பதில் காட்டாத முதலாளிகள் வைத்திருக்கும் அணிக்கு அந்த வாதம் வசதியாகப் போய்விடுகிறது. 2024 ஆகஸ்டில் மேனேஜர் ஸ்காட் சர்வேஸை நீக்கியபோது, செய்தி வெளியே வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இதையெல்லாம் அளக்க சவான்ட்டில் வட்டம் கிடையாது.

திரும்ப பஸார்டோவுக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் ஒரு ஓவர் சொதப்பினால் பந்துவீச்சாளரைத் தள்ளி வைத்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம். இங்கே ஒருவரை வெளியே எடுத்தால் அன்றைக்கு அவர் கதை முடிந்தது. அதனால்தான் இந்த ஒரு முடிவைப் பற்றி ஊரே வருடக்கணக்கில் சண்டை போடுகிறது. 2022 அக்டோபர் 11-லும் இதேதான் நடந்தது. ஹூஸ்டனில் பிளேஆஃப் ஆட்டம், நாங்கள் 7-5 என்று முன்னால், கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட். சர்வேஸ், வீசிக்கொண்டிருந்த பால் சீவால்டை எடுத்துவிட்டு, வழக்கமாக முதல் இன்னிங்ஸிலிருந்து வீசும் ராபி ரேயை ஒரே ஒரு ஆளுக்காக, ஹூஸ்டன் பேட்டர் யோர்டான் அல்வாரஸுக்காக இறக்கினார். இடக்கைக்கு இடக்கை என்ற கணக்கு. மூன்று ரன் ஹோம் ரன், 8-7 என்று தோற்றோம். ரே போட்டதும் சிங்கர், பஸார்டோ போட்டதும் சிங்கர். இரண்டு முறையும் தாளில் காரணம் இருந்தது. பஸார்டோவின் சிங்கர் தரையோடு உருளவைக்கும் பந்து, இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது வேண்டியதும் அதுதான். ஆனால் அணியின் மிகச் சிறந்த ரிலீவர் (நடுவில் இறங்கும் பிட்ச்சர்) ஆண்ட்ரேஸ் முனோஸ் புல்பென்னில் இருந்தார். சீசனே அந்த ஒரு பேட்டரில் தொங்கும்போது அவரை எட்டாவது இன்னிங்ஸுக்கோ ஒன்பதாவதுக்கோ பத்திரப்படுத்தி வைப்பானேன்? என் கட்சி இதுதான், மாற்றமில்லை. சவான்ட்டை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். அன்றிரவு நானும் நண்பரும் அதே பக்கத்திலிருந்து படம் எடுத்து ஒருவருக்கொருவர் எதிராக அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கைபேசியைவிடக் கணினித் திரையில் பார்ப்பது சுகம். ஒவ்வொரு பந்துக்கும் வீடியோ இருக்கிறது, தேடும் பக்கம் முதலில் மிரட்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும். முதல் வேலையாக ஒரு பிட்ச்சரை எடுத்துக்கொண்டு அவருடைய ஐந்து வருடப் பந்து வகைகளைப் பாருங்கள். ஒரே ஆட்டத்தின் எண்களை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். ஆட்டம் நடக்கும்போது மூடி வைத்துவிடுங்கள். நான் இந்த சீசனிலிருந்து மறுநாள் காலை காபியோடு மட்டும்தான் திறக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், அணியின் பழைய மைதானமான கிங்டோம் அரங்கம் இடிபடுவதற்கு முன்பிருந்தே ரசிகர். இன்றுவரை ரேடியோவில்தான் கேட்கிறார், ஸ்பிரிங்கர் அடித்த சத்தத்தை என்னைவிட முன்னால் கேட்டவர் அவர்தான்.

ஒன்று மட்டும் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது. 2008-ல் மணிக்கு 91 மைல் அளவில் இருந்த சராசரி ஃபாஸ்ட்பால் இப்போது 94-ஐத் தாண்டிவிட்டது. கூடவே முழங்கை அறுவை சிகிச்சைகளும் ஏறின. 2024 டிசம்பரில் லீக்கே வெளியிட்ட அறிக்கை, வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவது முக்கியக் காரணம் என்றது. அந்தத் துரத்தலைச் சிவப்பு வட்டமாக்கிக் காட்டுவது நான் தினமும் திறக்கும் பக்கம். என் மகனுக்குப் பதினொரு வயது, சிறுவர்களுக்கான லிட்டில் லீக் பேஸ்பாலில் பிட்ச்சர். பக்கத்து ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தோம். முதல் நாளே ரேடார் வைத்து எல்லாக் குழந்தைகளின் வேகத்தையும் பெரிய பலகையில் வரிசைப்படுத்திப் போட்டார்கள். ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டோம். அவனோ வீட்டில் சவான்ட்டைத் திறந்து "அப்பா, என்னோட வட்டம் என்ன கலர் வரும்?" என்று கேட்கிறான்.

அவன் வயதுக்கு லிட்டில் லீக்கில் ஒரு நாளைக்கு 85 பந்துதான் உச்சம், 66-ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. போன வசந்தத்தில் ஒரு ஆட்டத்தில் கிளிக்கரை அழுத்தி எண்ணியது நான். 63 வந்ததும் பயிற்சியாளருக்குக் கை காட்டினேன். அவர் இவனை எடுத்துவிட்டு வேறு பையனை இறக்கினார். இரண்டாவது பந்தே வேலிக்குப் போனது, தோற்றார்கள். காரில் பின் சீட்டிலிருந்து, "நான் நல்லாத்தானே போட்டுக்கிட்டு இருந்தேன், யாருப்பா என்னை எடுக்கச் சொன்னது?" என்றான். ரேடியோவில் யாரோ போன் போட்டு வில்சனைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.