லாக் சேமிக்க கிளிக்ஹவுஸ்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் சத்துவாச்சாரியிலிருந்து பஸ். மெஷின், பில்லிங், வருகைப்பதிவு எல்லாம் சேர்ந்து கொட்டும் லாக்கை (எப்போது என்ன நடந்தது என்ற பதிவுகளை) முன்பு சாதாரண டேட்டாபேஸ் ஒன்றில்தான் போட்டு வைத்திருந்தோம். போன சித்திரையில், வெளியே வேலூர் வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றது. அதற்கு முன்பும், ஒரு பிழையைத் தேடச் சொல்லிவிட்டு டீ குடித்து வந்தாலும் பதில் வந்திருக்காது.

அப்புறம்தான் கிளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாறினோம். ரஷ்ய நிறுவனமான யாண்டெக்ஸ் 2016-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. லைசென்ஸ் காசு இல்லை. டேட்டாவை வரி வரியாக வைக்காமல் நெடுவரிசை (column) நெடுவரிசையாகப் பிரித்து வைக்கிறது. சர்வர் பெயர் போல ஒரே மாதிரி மதிப்புகள் அடுத்தடுத்து இருப்பதால் நன்றாகச் சுருங்குகிறது. கேட்ட நெடுவரிசையை மட்டும் படிப்பதால் வேகம். டிடிஎல் (TTL, டேட்டாவை எத்தனை நாள் வைப்பது என்ற கெடு) என்று ஒரு வரி எழுதினால், 90 நாள் தாண்டியதைத் தானே அழித்துவிடும். அதற்கே மார்க் போடலாம்.

முதல் வாரம் நான்தான் சொதப்பினேன். லாக்கை ஒவ்வொரு வரியாக அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு உருவாகி, துண்டுகள் அதிகமாகிவிட்டன என்று வாங்க மறுத்துவிட்டது. ஆயிரக்கணக்கில் சேர்த்து ஒரே மூட்டையாக அனுப்ப வேண்டும். ஆர்டர் பை-யையும் (ORDER BY, டேட்டாவை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை) முதலிலேயே யோசித்து வையுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பில்லிங் கணக்கையும் இதிலேயே வைக்கலாமா என்று அக்கவுன்ட்ஸ் அண்ணன் கேட்டார். அடிக்கடி திருத்தும் கணக்குக்கு இது சரிவராது, மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.