நேரம் காட்டும் புத்தகமா, நேரம் தரும் புத்தகமா?

காலத்தைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசும் படப் புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கும். மற்றொன்று மணியை மறக்கவைக்கும். பலர் முதல் வகையை வாங்கிவிட்டு இரண்டாவதன் பலனை எதிர்பார்க்கிறார்கள்.

முதல் வகைக்கு எரிக் கார்லின் 'தி கிரௌச்சி லேடிபக்' (1977) போதும். சிடுமூஞ்சிப் பொறிவண்டு ஒன்று மணிக்கொரு விலங்கைச் சண்டைக்கு இழுக்கிறது. மூலையில் கடிகாரம் நகர்கிறது, விலங்கு பெரிதாகப் பெரிதாகத் தாளும் அகலமாகிறது. அருமையான புத்தகம்தான். ஆனால் அடுத்தது யார் என்ற பரபரப்பில் குழந்தையின் கை பறக்கும். எந்தப் பக்கத்திலும் தங்காது.

தங்கவைக்க முயலும் இரண்டு புத்தகங்கள் 2015இல் வந்தன. அன்டோனெட் போர்டிஸின் 'வெயிட்' கதையில் அம்மா "சீக்கிரம்" என்கிறார், மகன் "இரு" என்கிறான். ஏறக்குறைய இந்த இரண்டு சொற்களிலேயே கதை ஓடுகிறது. நாயைப் பார்க்க, வாத்தைப் பார்க்க, வண்ணத்துப்பூச்சியைப் பார்க்க அவன் நிற்கிறான். கடைசியில் வானவில்லைக் கண்டு அம்மாவும் நிற்கிறார். வாசித்துக்காட்டும் பெரியவரை இது சுருக்கென்று தைக்கும், தைக்கவும் வேண்டும். எனக்கு உறுத்துவது அந்த வானவில்தான். நின்றதற்கு அவ்வளவு பெரிய பரிசு எதற்கு? நாளை அதே குழந்தை ஓர் எறும்புக்காக நிற்கும். அப்போது வானத்தில் எதுவும் இருக்காது.

கெவின் ஹென்கெஸின் 'வெயிட்டிங்' அந்தப் பரிசைத் தருவதில்லை. ஜன்னலோரம் ஐந்து பொம்மைகள். ஆந்தை நிலவுக்கும், குடை பிடித்த பன்றி மழைக்கும், பட்டம் வைத்திருக்கும் கரடி காற்றுக்கும், சறுக்குவண்டியில் இருக்கும் நாய்க்குட்டி பனிக்கும் காத்திருக்கின்றன. முயல் மட்டும் எதற்கும் காத்திருக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருப்பதே அதற்குப் பிடித்திருக்கிறது. நடுவில் சொல்லே இல்லாத பக்கங்கள் வருகின்றன. அங்கே வாய் மூடி இருக்கத் தெரிந்தவர் கையில்தான் இந்தப் புத்தகம் முழுமையாகத் திறக்கும். இரண்டில் என் தேர்வு இதுவே.

'குட்நைட் மூன்' (1947) இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. மார்கரெட் வைஸ் பிரவுனின் வரிகள் அறையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்லும்போது, கிளெமென்ட் ஹர்டின் படங்களில் கடிகாரம் 7 மணியிலிருந்து 8:10க்குப் போய்விடுகிறது. ஜன்னலில் நிலவு ஏறுகிறது, அறை இருளுகிறது. இதையெல்லாம் கதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எலி இப்போது எங்கே என்று தேடும் குழந்தை, காலம் போவதை எப்போதாவது தானாகவே கண்டுபிடிக்கும். தூங்கவைக்க இதற்கு இணையில்லை.

ஆனாலும் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் எடுப்பது எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' (1962). சிவப்பு உடையில் பீட்டர் நாள் முழுக்கப் பனியில் விளையாடுகிறான். கால்தடம் பதிக்கிறான், குச்சியால் கோடு இழுக்கிறான், மரத்தைத் தட்டித் தலையில் பனியை வாங்கிக்கொள்கிறான். நாளைக்கு வேண்டும் என்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். தூங்கும் முன் தேடினால் பை காலி. அவனுக்கு மிகுந்த வருத்தம். நிகழ்காலத்தைச் சேமித்துவைக்க முடியாது என்பதை இவ்வளவு சிறிய கைக்கு இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறு பக்கம் எனக்குத் தெரியாது. ஆறுதல் வரி எதையும் கீட்ஸ் அங்கே எழுதவில்லை. உருண்டை எங்கே போனது என்று குழந்தை கேட்டால் உடனே விளக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை புதுப் பனி விழும் பக்கம் வரும்வரை அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும்.