பாடமா, செயல்திட்டமா? மொரீசியஸின் மேல்தொடக்க, இடைநிலை வகுப்புகளுக்கான ஓர் ஒப்பீடு

மொரீசியஸில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு பொருளைக் கற்பிக்க ஆசிரியர்முன் இன்று மூன்று வழிகள் உள்ளன. ஆசிரியர் விளக்கி, பயிற்சி தந்து, திருத்திக் கொடுக்கும் பாடமுறை முதலாவது. ஒரு கேள்வியை வகுப்பின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் அதைப் பல நாள் ஆராய்ந்து விடை காணும் போக்கிலேயே பாடமும் கைவரட்டும் என்னும் செயல்திட்ட முறை இரண்டாவது. பாடம் வழக்கம்போல் நடந்து முடிந்தபின், வீட்டில் செய்து கொண்டுவரச் சொல்லும் மாதிரிப் பொருள், சுவரொட்டி, தொகுப்பேடு ஆகியவை மூன்றாவது. பெற்றோர் கூட்டங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆனால் அவ்விரண்டுக்கும் இடையிலான தூரம், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலான தூரத்தைவிட அதிகம் என்பதே என் கருத்து.

நம் தீவின் மழையை எடுத்துக்கொள்வோம். கடல் ஈரத்தைச் சுமந்துவரும் தென்கிழக்குக் காற்று நடு மேட்டுநிலத்தில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, அங்கேயே மழையைப் பொழிந்துவிடுகிறது. மறுபுறம் இறங்கும் காற்று மேற்குக் கரையை அடையும்போது வறண்டிருக்கிறது. அதனால்தான் மேட்டுநிலத்தின் ஈரமான பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, மேற்குக் கரையின் சில இடங்களில் 1,000 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் தீவின் வரைபடத்தையும் ஒரு குறுக்குவெட்டுப் படத்தையும் கரும்பலகையில் வரைந்து, இதனை ஒரே பாடவேளையில் ஐந்தாம் வகுப்புக்குப் புரியவைத்துவிட முடியும். அடுத்த நாள் கேள்வி கேட்டால் பெரும்பாலோர் சரியான விடை எழுதுவார்கள். இந்தச் சிக்கனமே பாடமுறையின் முதல் வலிமை. அதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இதே பொருள் செயல்திட்டமாகும்போது என்ன நிகழ்கிறது? நடு மேட்டுநிலத்தில் உள்ள கூர்பிப்பில் ஒரு வகுப்பும் மேற்குக் கரையில் ஒரு வகுப்பும் சேர்ந்து, ஒரு மாதம் தத்தம் பள்ளி வளாகத்தில் மழையை அளந்து, எண்களைப் பரிமாறிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். தேவைப்படுபவை பிளாஸ்டிக் புட்டி, கத்தரிக்கோல், அடிக்கோல், கொஞ்சம் கூழாங்கல் ஆகியவை மட்டுமே. புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக வைக்க வேண்டும். அடிப்பாகம் சமமாக இல்லாததால் கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில்தான், புத்தகத்தில் இல்லாத கேள்விகள் பிள்ளைகளிடமிருந்து வருகின்றன. பெரிய புட்டி வைத்திருப்பவனுக்கு அதிக மழை கிடைக்குமே, அது நியாயமா என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்பான். அகலமான புட்டியில் விழும் நீரின் அளவு கூடுதல் என்றாலும் அதன் உயரம் மாறாது என்பதையும், புனலின் வாயும் புட்டியின் உடலும் ஒரே அகலத்தில் இல்லாவிட்டால் மட்டுமே கணக்கு தவறும் என்பதையும், இரண்டு புட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்த பிள்ளை ஆயுளுக்கும் மறப்பதில்லை. கொள்ளளவு, பரப்பு, சராசரி, பட்டை வரைபடம் ஆகிய நான்கும் இங்கே தேவையை முன்னிட்டு வந்து சேர்கின்றன. பாடவேளையில் இவற்றை நான்கு வெவ்வேறு அதிகாரங்களாகத்தான் கற்பிக்க முடியும்.

ஆனால் இதே எடுத்துக்காட்டு செயல்திட்டத்தின் குறையையும் வெளிப்படையாகக் காட்டுகிறது. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அளக்கத் தொடங்கினால், புயலோடும் இடியோடும் வரும் கோடைமழை மேடு, கரை என்று பாராமல் கொட்டக்கூடும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் பெய்த பெருமழையின் வெள்ளத்தில் 11 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய ஒரு நாளின் அளவு மாதக் கணக்கில் விழுந்தால், மேற்குக் கரைக்கே மழை அதிகம் என்ற முடிவுக்குப் பிள்ளைகள் தம் கையால் எடுத்த சான்றோடு வந்துவிடுவார்கள். தென்கிழக்குக் காற்று நிலையாக வீசும் குளிர்காலத்தில், அதாவது இரண்டாம் பருவத்தில், அளப்பதே பொருத்தம் என்பதை முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியவர் ஆசிரியர். காற்று ஏன் மேலெழுந்து குளிர்கிறது என்பதைப் புட்டி ஒருபோதும் சொல்லித்தராது; அதற்கு விளக்கம் வேண்டும், விளக்கத்துக்கு ஆசிரியர் வேண்டும்.

கல்வியாளர்களின் நூறாண்டு வாதமும் இதைச் சுற்றியே நடந்துவருகிறது. அமெரிக்காவில் வில்லியம் கில்பாட்ரிக் 1918-இல் செயல்திட்ட முறையை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவாக வைத்த அடிப்படைக் கல்வியை எடுத்துரைத்தார். 1901-இல் நம் தீவில் சில வாரம் தங்கிச் சென்ற அவருடைய பெயரைத் தாங்கி மொக்கா என்னும் ஊரில் இயங்கும் மகாத்மா காந்தி நிறுவனமே இன்று நம் பிள்ளைகளின் தமிழ்ப் பாடநூல்களை உருவாக்குகிறது. மறுபக்கத்தில், 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர், புதிதாகக் கற்பவரின் செயல்நினைவு, அதாவது ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளும் திறன், குறுகியது என்பதால், வழிகாட்டல் குறைந்த தேடல்முறை அவரைத் திணறடிக்கும் என்று வாதிட்டனர். அடுத்த ஆண்டே, நன்கு திட்டமிட்ட செயல்திட்டத்தில் வழிகாட்டல் குறைவதில்லை, படிக்கட்டுபோல் அடுக்கி அமைக்கப்படுகிறது என்று வேறு மூவர் மறுமொழி எழுதினர். இரு தரப்பையும் படிக்கும் வகுப்பாசிரியருக்கு ஒன்று தெளிவாகும்: முன்னறிவு இல்லாத பிள்ளையிடம் திறந்த கேள்வியைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதை இரு தரப்புமே ஏற்கவில்லை.

மூன்றாவது வழியைப் பற்றி என்னால் மென்மையாக எழுத இயலவில்லை. வீட்டில் செய்து கொண்டுவரும் மாதிரிப் பொருள், பிள்ளை என்ன கற்றாள் என்பதைக் காட்டுவதே இல்லை. அந்த வீட்டில் மாலையில் யார் இருக்கிறார், அவருக்கு எவ்வளவு ஓய்வு, கடைக்குப் போய் அட்டையும் வண்ணமும் வாங்கவும் இணையப் பக்கங்களை அச்சிடவும் எவ்வளவு பணம் என்பவற்றையே காட்டுகிறது. ஆலையிலோ விடுதியிலோ இரவுப்பணி செய்யும் தாயின் பிள்ளை கசங்கிய ஒரு தாளோடு வந்து நிற்க, மற்றொருத்தி அண்ணன் செய்த எரிமலையோடு வந்து நிற்கிறாள். இரண்டுக்கும் மதிப்பெண் இட வேண்டிய ஆசிரியரின் நிலையும் இரங்கத்தக்கதே. பல பள்ளிகளில் செயல்திட்டம் என்ற பெயரில் நடப்பது இதுவாகவே இருப்பதால்தான், எங்கள் பிள்ளைக்குச் செயல்திட்டமே வேண்டாம், பாடத்தை மட்டும் நடத்துங்கள் என்று பெற்றோர் சொல்கிறார்கள். அவர்களுடைய சினம் நியாயமானது. அது பாய வேண்டிய இலக்கு மட்டும் வேறு.

வரலாற்றுப் பாடத்தில் இந்த அநீதி இன்னும் நுட்பமாக வருகிறது. உன் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார் என்று கண்டுபிடித்து வா என்பது ஏழாம், எட்டாம் வகுப்புகளில் ஆசிரியர்கள் விரும்பித் தரும் வேலை. மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தத் தொழிலாளரின் பதிவேடுகள் இருப்பதும், அவற்றில் எண், பெயர், வயது, ஊர், கப்பல் ஆகியவை காணப்படுவதும் நமக்குக் கிடைத்த பெரும் செல்வம். ஆனால் அந்தப் பதிவேடுகள் 1834 முதல் வந்தவர்களுக்கு உரியவை. ஆளுநர் லா புர்தொனே காலத்தில், 1735-க்கும் 1746-க்கும் இடையில், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்து போர்ட் லூயியைக் கட்டிய தமிழ்க் கைவினைஞரின் வழிவந்த பிள்ளை அங்கே எத்தனை நாள் தேடினாலும் தன் முதல் முன்னோரைக் காணமாட்டாள். தாத்தாவின் பெயருக்கு மேல் எதுவும் தெரியாத குடும்பங்களும் உண்டு. இங்கே பாடமுறையே நேர்மையானது: இரு வருகைகளையும் ஆசிரியர் வகுப்புக்கு விளக்கிவிட்டு, ஒரே ஒரு பதிவின் படியை எல்லாருக்கும் கொடுத்து, இதிலிருந்து இந்த மனிதரைப் பற்றி என்னென்ன சொல்ல முடியும், என்னென்ன சொல்ல முடியாது என்று குழுக்களாக எழுதச் செய்யலாம். இரண்டு பாடவேளைகளில் முடியும் இந்தச் சிறு செயல்திட்டம், வீட்டுக்கு அனுப்பும் பெரிய வேலையைவிட அதிகம் கற்றுத்தரும். அதன்பின், ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய போர்ட் லூயியின் ‘ஆப்ரவாசி காட்’ துறைக்கு அழைத்துச் சென்றால், அங்குள்ள படிக்கட்டுகளைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

தமிழ் வகுப்புக்கு இந்த ஒப்பீடு சற்று வேறு வடிவம் எடுக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அவர்களைச் சூழ்ந்திருக்கின்றன. தமிழ் கேட்பது கோயிலிலும் அந்த ஒரு பாடவேளையிலும்தான். இத்தகைய பிள்ளைக்கு வினைமுற்றும் வேற்றுமை உருபும் செயல்திட்டத்தால் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நம்புவது வீண். ஆசிரியர் சொல்லிக்கொடுத்து, பிள்ளை பலமுறை சொல்லிப் பார்த்து, எழுதிப் பார்த்துத்தான் அவை வரும். ஆனால் பயிற்சி மட்டுமே நடக்கும் வகுப்பில் தமிழ் ஒரு தேர்வுப் பாடமாகச் சுருங்கிப்போவதையும் பார்க்கிறோம். காவடித் திருநாளை ஒட்டி வாழையிலையில் பரிமாறும் ஏழு கறி உணவை வைத்து ஒரு வாரச் செயல்திட்டம் செய்யலாம்: வீட்டில் பாட்டியிடம் கிரியோலிலேயே கேட்டு வரட்டும், காய்களின் பெயர்களையும் நறுக்கு, வதக்கு, தாளி போன்ற வினைகளையும் வகுப்பில் ஆசிரியர் தமிழில் கற்பிக்கட்டும், எழுதுவது முழுவதும் வகுப்பிலேயே நடக்கட்டும். வீட்டிலிருந்து வர வேண்டியது செய்தி மட்டுமே. பாட்டி இல்லாத பிள்ளை கோயில் சமையற்கட்டில் உள்ள அக்காவிடம் கேட்கலாம், அல்லது பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்துகொள்ளலாம்.

கால அட்டவணையும் தேர்வும் இறுதியில் எல்லா விருப்பங்களுக்கும் எல்லை வகுக்கின்றன. தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம், பிரெஞ்சு, கணிதம், அறிவியல், வரலாறும் புவியியலும் என அனைத்தையும் ஒரே வகுப்பாசிரியர் நடத்துவதால், மழைச் செயல்திட்டத்தைப் பல பாடங்களில் பரப்பி நடத்த அவரால் முடியும். ஆனால் 2017 முதல் நடைமுறையில் உள்ள ஒன்பதாண்டு அடிப்படைக் கல்வித் திட்டத்தின்படி, ஆறாம் வகுப்பின் முடிவில் பி.எஸ்.ஏ.சி. என்னும் தொடக்கப்பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு காத்திருக்கிறது; டியூஷன் வகுப்புகளின் நெருக்கமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் தேசியத் தேர்வு இல்லை, மூச்சுவிட இடம் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் தனி ஆசிரியர், மணியடித்தால் அனைவரும் கலைந்துவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் என்.சி.இ. என்னும் தேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வந்துவிடுகிறது. நேரமுள்ள இடத்தில் இணைப்பு இல்லை, இணைப்புள்ள இடத்தில் நேரம் இல்லை. ஆகவே நீண்ட செயல்திட்டத்துக்கு ஐந்தாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தையும், அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் இரட்டைப் பாடவேளை ஒன்றைப் பகிர்ந்துகொள்ள ஒப்பும் பள்ளியில் எட்டாம் வகுப்பையும் நான் பரிந்துரைப்பேன். அப்போதும் பாடம் முதலில், செயல்திட்டம் அதன்பின், இரண்டும் பள்ளி நேரத்துக்குள் என்ற வரிசை மாறக் கூடாது.

மதிப்பிடுதலில் பாடமுறைக்குச் சிக்கல் இல்லை. தனித்தாள், தனி மதிப்பெண். குழு வேலையில் ஒருவர் இழுக்க மற்றவர் உட்கார்ந்து வருவது உண்மையான குறை. குழுவுக்கு நால்வருக்கு மேல் வேண்டாம். அளவுகளை ஒவ்வொருவரும் தம் சொந்த ஏட்டில் பதிய வேண்டும். முடிவில், உங்கள் அளவுகளில் எந்த நாள் மற்ற நாள்களிலிருந்து வேறுபட்டிருந்தது, ஏன் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆசிரியர் தனியாக ஓரிரு நிமிடம் கேட்க வேண்டும். அந்த விடைக்கும் ஏட்டுக்கும் மட்டுமே மதிப்பெண் தந்து, சுவரொட்டியின் அழகுக்கு எதுவும் தராமல் விட்டால், வீட்டில் பிறர் செய்து கொடுப்பதற்குத் தேவையே இருக்காது. ஆறாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் மட்டும் செயல்திட்டத்தை அடியோடு விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பாடமும் பயிற்சியும் போதிய உறக்கமும் கிடைக்கச் செய்வது நல்லது.