காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: புள்ளியியல் கணக்குக்கு எப்படி?

தொடக்கநிலை நிகழ்தகவு, புள்ளியியல் கணக்குகளுக்கு இந்தக் கால்குலேட்டர் தாராளமாகப் போதும். மோட், 3, 1 அழுத்தி எண்களை உள்ளிட்டு ஏசி தட்டுங்கள். பிறகு ஷிஃப்ட், 1, 4 அழுத்தினால் சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) எல்லாம் வரிசையாக இருக்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான். திட்ட விலக்கம் இரண்டு உண்டு. 4, 6, 8, 10, 12 என்று கொடுத்தால் சிக்மா 2.828, எஸ் 3.162. முன்னது எண்களின் எண்ணிக்கையான 5 ஆல் வகுப்பது, முழுமைத் தொகுதிக்கு (ஒருவர் விடாமல் எல்லோருக்கும் தரவு இருந்தால்). பின்னது ஒன்று குறைத்து 4 ஆல் வகுப்பது, மாதிரிக்கு (அதிலிருந்து எடுத்த ஒரு பகுதிக்கு). கேள்வியில் 'மாதிரி' என்றிருந்தால் எஸ்தான். தவறானதை எடுத்தால் அடுத்து வரும் நம்பிக்கை இடைவெளியும் (உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்பு) தப்பாகிவிடும்.

நிகழ்வெண் நிரலை (ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று உள்ளிடும் இடம்) செட்டப்பில் முதலிலேயே திறந்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் உள்ளிட்டதெல்லாம் அழிந்துவிடும். மோட் மாற்றினாலும் அதே கதி. இது உண்மையிலேயே எரிச்சலூட்டும் குறை.

இயல்நிலைப் பரவலுக்கு பி, கியூ, ஆர் என மூன்று பரப்புகள்: இசட் மதிப்புக்கு (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி) இடப்பக்கம் முழுவதும் பி, நடுவிலிருந்து அதுவரை கியூ, வலப்பக்கம் ஆர். இசட் மதிப்பு 1 என்றால் முறையே 0.84134, 0.34134, 0.15866. உங்கள் பாடநூலின் இயல்நிலை அட்டவணை எதைத் தருகிறது என்று முதலில் பாருங்கள். ஈருறுப்புப் பரவலுக்குத் தனி வசதி இல்லை. என்சிஆர் (சேர்வுகளின் எண்ணிக்கை தரும் விசை) போட்டு முழுச் சூத்திரத்தையும் தட்ட வேண்டும்.