ஒரே மாதம், ஒரே ஸ்டூடியோ: 'ஃபேமிலி ரீயூனியன்' முதலிலா, 'வேக் அப் எவ்ரிபடி' முதலிலா?

அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் வளர்ந்த கறுப்பினத்தவரின் சோல் இசையை எந்த ஆல்பத்தில் தொடங்குவது என்று யோசிக்கிறவர்களுக்கு 1975 நவம்பர் ஒரு நல்ல சிக்கலை வைத்திருக்கிறது. ஓ'ஜேஸ் குழுவின் 'ஃபேமிலி ரீயூனியன்', ஹெரால்ட் மெல்வின் அண்ட் த ப்ளூ நோட்ஸ் குழுவின் 'வேக் அப் எவ்ரிபடி' இரண்டும் அந்த மாதம்தான் வெளிவந்தன. இரண்டுக்கும் தயாரிப்பாளர்கள் கென்னி கேம்பிளும் லியான் ஹஃப்பும். வெளியிட்டது அவர்களுடைய ஃபிலடெல்பியா இன்டர்நேஷனல் நிறுவனம். பதிவானது ஜோ டார்சியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில், பின்னால் வாசித்தது எம்.எஃப்.எஸ்.பி. என்ற அதே வாத்தியக் கூட்டம். அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) ஆல்பம் பட்டியலில் இரண்டுமே முதலிடம் பிடித்தன. எல்லா வகை இசைக்குமான பொதுப் பட்டியலில் ஓ'ஜேஸ் 7ஆம் இடம், ப்ளூ நோட்ஸ் 9ஆம் இடம். இத்தனையும் ஒன்றாக இருக்கும்போது ஒப்பிட மிச்சமிருப்பது குரல்களும், அந்தக் குரல்களுக்குக் கிடைத்த பாட்டுகளும்தான்.

குரல் என்று பார்த்தால் எனக்குத் தயக்கமே இல்லை, ஓ'ஜேஸ்தான். எடி லெவர்ட், வால்டர் வில்லியம்ஸ் இருவரும் ஒஹாயோவின் கேன்டன் ஊரில் சிறுவயதிலிருந்தே சேர்ந்து பாடியவர்கள். லெவர்ட்டின் குரல் தேவாலயத்தில் பழுத்த முரட்டுக் குரல், வில்லியம்ஸுடையது வழுவழுப்பானது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' என்ற மெதுவான காதல் பாட்டைக் கேளுங்கள். (லெட் செப்பலின் ராக் குழுவின் புகழ்பெற்ற பாட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை.) ஒருவர் வரியை நிதானமாக வைக்கிறார், மற்றவர் அதைப் பிடித்து ஒரு படி மேலே தூக்குகிறார். ஆறு நிமிடத்துக்கு மேல் இப்படியே ஏறிக்கொண்டு போகிறது. கடைசியில் லெவர்ட் கத்தும்போது அது கத்தலாகவே தெரிவதில்லை, அவ்வளவு தூரம் நம்மைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். மூன்றாமவர் வில்லியம் பவல் அப்போதே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்; 1977இல் காலமானார். அது தெரிந்தபின் இந்த ஆல்பத்தின் கூட்டுக்குரல் பகுதிகளை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

ப்ளூ நோட்ஸ் கதை வேறு. குழுவின் பெயர் ஹெரால்ட் மெல்வினுடையது, ஆனால் பாட்டு டெடி பெண்டர்கிராஸுடையது. டிரம்ஸ் வாசிக்க வந்தவர் முன்னணிப் பாடகரானார். இந்த ஆல்பத்தில் குழுவின் பெயரோடு அவர் பெயரையும் தனியாகப் போட வேண்டிய நிலை வந்துவிட்டது. மற்றவர்கள் பின்னால் நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஷாரன் பெய்ஜ் வந்து பாடும் இடங்களில் மட்டும் ஒரு மாற்றம் தெரிகிறது. ஆக, குழுவாகப் பாடுவது என்றால் என்ன என்று அறிய விரும்புகிறவருக்கு இதை முதலில் கொடுக்க மாட்டேன். பெண்டர்கிராஸ் இந்தக் குழுவோடு செய்த கடைசி ஆல்பமும் இதுவே.

சரி, பாட்டுகளுக்கு வருவோம். தராசு இங்கேதான் சாய்கிறது.

டிஸ்கோ மேடைக்கு ஓ'ஜேஸ் கொடுத்தது 'ஐ லவ் மியூசிக்'. காங்கா என்ற கைமுரசின் தாளத்தில் தொடங்கி, பேஸ் கிட்டார் வந்து சேர்ந்து, பிறகு நிற்காமல் ஓடும் பாட்டு. நடுவில் பாடகர்கள் ஒதுங்கி வாத்தியங்களுக்கு வழிவிடும் நீண்ட பகுதி இருக்கிறது. ஆடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்த இடம் அது. அமெரிக்க டிஸ்கோ பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. வார நாளெல்லாம் உழைத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பவனைப் பற்றிய 'லிவிங் ஃபார் த வீக்கெண்ட்' பாட்டும் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு எனக்கு ஒட்டவில்லை. குடும்பம் கூடும் மகிழ்ச்சியை அழகாகப் பாடிக்கொண்டே வந்து, பேச்சுப் பகுதியில் அப்பா இப்படி, அம்மா இப்படி, மகள் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியவள் என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிடுகிறது. 'ஷீ இஸ் ஒன்லி எ வுமன்' பாட்டிலும் அதே வாடை. மெட்டு இனிமையானது, அதனால்தான் வருத்தமே.

அறிவுரை சொல்வதில் 'வேக் அப் எவ்ரிபடி' தலைப்புப் பாட்டும் சளைத்ததல்ல. கேம்பிளும் ஹஃப்பும் தயாரித்தாலும் எழுதியவர்கள் ஜீன் மெக்ஃபேடன், ஜான் வைட்ஹெட், விக்டர் கார்ஸ்டார்ஃபென். ஆசிரியர்களே, மருத்துவர்களே, கட்டடம் கட்டுகிறவர்களே என்று ஒவ்வொருவரையும் அவரவர் வேலையைச் சொல்லிக் கூப்பிடுகிறது. யாரையும் யாருக்கும் கீழே வைக்கவில்லை, அதனால் பழசாகவும் இல்லை. 2010இல் ஜான் லெஜெண்டும் த ரூட்ஸும் இதை மறுபடி பாடியபோது புதுப் பாட்டுப் போலவே ஒலித்தது.

அப்புறம் 'டோன்ட் லீவ் மீ திஸ் வே'. தெல்மா ஹூஸ்டன் பாடி 1977இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும், 1986இல் த கம்யூனார்ட்ஸ் பிரிட்டனில் முதலிடம் பிடித்ததும் இதே பாட்டுதான். மூலம் இந்த ஆல்பம். பெண்டர்கிராஸ் சரணத்தை அடக்கி, ஏறக்குறைய தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் பாடுகிறார். 'ஆ... பேபி' என்று மூச்சை விட்டதும் அணை உடைந்து பல்லவி கொட்டுகிறது. ஹூஸ்டன் பாடியதில் ஆசை அதிகம். இதில் கெஞ்சல் அதிகம், வாய்விட்டுக் கெஞ்சும் ஆணின் குரல். எனக்கு இதுதான் மேல்.

ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 'வேக் அப் எவ்ரிபடி' வாங்குங்கள். மூன்று குரல் சேரும் சுகம்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் ஓ'ஜேஸ் பக்கம் போகலாம். எதை எடுத்தாலும் தொகுப்புகளில் வரும் சுருக்கிய பதிவில் நின்றுவிட வேண்டாம். 'ஐ லவ் மியூசிக்', 'வேக் அப் எவ்ரிபடி' இரண்டையும் சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) வெளியிட்டபோது முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வெட்டினார்கள். ஆல்பத்தில் இரண்டும் ஏழு நிமிடத்தைத் தொட்டும் தாண்டியும் போகின்றன. வானொலிக்காக வெட்டிப் போட்ட நிமிடங்களில்தான் எம்.எஃப்.எஸ்.பி.யின் வாசிப்பு முழுசாகக் காதில் விழுகிறது.